பாதிப் படத்தில் ஒன்றுமே இல்லை

பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு ப்ராஜெக்ட் பட்டியல்களில் சில தலைப்புகள் ஆண்டு தவறாமல் தலைகாட்டும். படத்துக்குள் ரகசியத்தை ஒளித்து வைப்பது அவற்றில் ஒன்று. திண்டிவனத்தை அடுத்த மேல்பாக்கத்திலும் விழுப்புரம் காகுப்பத்திலும் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளில் கணினி படிப்பவர்களுக்கும் இது புதிய சங்கதி அல்ல. தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் ரெங்கராஜன் அமிர்தராஜனும் ஜான் பாஸ்கோ பாலகுரு ராயப்பனும் இந்தத் துறையில் தொடர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதி வந்திருக்கிறார்கள். இத்தனை முறைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் தனித்து நிற்கிறது. ரகசியத்தைத் திறக்க அதற்குக் கணினி வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், கணக்கும் வேண்டாம். இரண்டு கண்கள் போதும்.

விஷுவல் கிரிப்டோகிராஃபி என்ற பெயரில் இதை 1994-இல் முன்வைத்தவர்கள் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மோனி நாவோரும் ஆதி ஷமீரும். ஆர்.எஸ்.ஏ. என்ற புகழ்பெற்ற மறையாக்க முறையின் நடு எழுத்து இந்த ஷமீர்தான். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1987-இல், காஃப்ரியும் கெரனும் ஏறக்குறைய இதே யோசனையை ஓர் ஒளியியல் இதழில் எழுதிவிட்டார்கள். மறையாக்கத் துறையில் அதை நெடுங்காலம் யாரும் கவனிக்கவில்லை. வரலாறு இவ்வளவு போதும். ருசி இருப்பது வேலை நடக்கும் விதத்தில்.

பழைய வீட்டு ஜன்னல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒரு கதவு, வலப்பக்கம் ஒரு கதவு. ஏதேனும் ஒன்று மட்டுமே திறந்திருக்கலாம் என்பது விதி. இப்படி 30,000 ஜன்னல்கள் கொண்ட ஒரு சுவர், அதற்கு நேர் முன்னால், அச்சாக அதே போல இன்னொரு சுவர், பின்னால் விளக்கு. இரண்டு சுவரிலும் ஒரே பக்கக் கதவு திறந்திருக்கும் ஜன்னல் வழியே பாதி வெளிச்சம் வரும். ஒன்றில் இடமும் மற்றதில் வலமும் திறந்திருந்தால் முழு இருட்டு.

வீட்டுக்காரர் முதல் சுவரின் ஒவ்வொரு ஜன்னல் முன்பும் நின்று காசைச் சுண்டுகிறார். தலை விழுந்தால் இடக்கதவைத் திறக்கிறார், பூ விழுந்தால் வலக்கதவை. பிறகு இரண்டாம் சுவருக்குப் போகிறார். படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய புள்ளிகளில் முதல் சுவரில் உள்ளபடியே திறக்கிறார்; கறுப்பாக வேண்டிய புள்ளிகளில் அதற்கு எதிராகத் திறக்கிறார். விளக்கை ஏற்றி எதிரே நின்று பார்த்தால், இருண்ட ஜன்னல்கள் சேர்ந்து ஒரு பெரிய ‘ழ’ தெரிகிறது.

ஒரு திருடன் முதல் சுவரை மட்டும் பார்த்துவிட்டான் என்று வையுங்கள். அவன் கண்டது 30,000 முறை காசைச் சுண்டிய கதை. படத்தைப் பற்றி அதில் ஒரு துளியும் கிடையாது. இரண்டாம் சுவரை மட்டும் பார்த்தவனுக்கும் அதே கதிதான். சுண்டிய காசை அப்படியே வைத்தாலும் சரி, திருப்பி வைத்தாலும் சரி, தலைக்கும் பூவுக்கும் வாய்ப்பு சரிபாதிதானே! நள்ளிரவில் காற்றடித்து ஐந்தாறு கதவுகள் மாறிச் சாத்திக்கொண்டால் அந்த ஐந்தாறு புள்ளிகள்தான் கெடும், ‘ழ’ அப்படியே இருக்கும். ஆனால் வீட்டுக்காரர் சோம்பல்பட்டு, முதல் சுவரைத் தொடாமல் மறுநாள் படத்துக்கு இரண்டாம் சுவரை மட்டும் மாற்றினாரானால் காரியம் கெட்டது. அந்தச் சுவரின் இரண்டு நாள் நிலையையும் குறித்து வைத்தவன், எங்கெங்கே கதவு மாறியது என்று பார்த்தே இரு படங்களும் வேறுபடும் இடங்களைக் கண்டுபிடித்துவிடுவான். ஒவ்வொரு படத்துக்கும் 30,000 தடவை புதிதாகச் சுண்டியே ஆக வேண்டும்.

இதன் உறுதியை எண்ணி வியக்காமல் இருக்க முடியாது. ஒவ்வொரு சுவரையும் ஓர் ஒளிபுகும் தாளில் அச்சிட்டுக்கொண்டால், கையில் இருக்கும் ஒற்றைத் தாள் ‘ழ’வுக்குரியதாக இருக்கலாம், செஞ்சிக் கோட்டைக்குரியதாக இருக்கலாம், வெறும் வெள்ளைக்குரியதாகவும் இருக்கலாம். எந்தப் படத்தை நினைத்தாலும் அதை வரவழைக்கும் துணைத்தாள் ஒன்று உண்டு; எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. ஆகவே எதிர்காலத்தில் எவ்வளவு வேகமான கணினி வந்தாலும், குவாண்டம் கணினியே வந்தாலும், ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உடைப்பது கடினம் என்பதல்ல விஷயம். உடைக்க அங்கே எதுவும் இல்லை.

இதை எந்த ஜெராக்ஸ் கடையிலும் செய்து பார்க்கலாம். ஓ.எச்.பி. ஷீட்தான் வேண்டும், ஸ்பைரல் பைண்டிங்குக்குப் போடும் ஷீட்டை லேசர் பிரிண்டரில் விட்டால் சூட்டில் சுருங்கி உள்ளே ஒட்டிக்கொள்ளும். புள்ளிகள் ஒரு மில்லிமீட்டராவது இருக்கட்டும். இரண்டு ஷீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மெல்ல நகர்த்தினால், சாம்பல் நிறக் குழப்பத்திலிருந்து எழுத்து சட்டென்று எழும்பும். ஒரு முழுப் புள்ளி விலகினால் மறைந்துவிடும். குறையும் உண்டு: வெள்ளை முழு வெள்ளையாக வராது, பாதி வெளிச்சம்தான்.

இந்தத் தெளிவை மனத்தில் வைத்துக்கொண்டு, “யாராலும் உடைக்க முடியாத” என்று விளம்பரமாகும் மற்ற முறைகளைப் பார்க்க வேண்டும். வழக்கமாகச் செய்வது, ஒவ்வொரு பிக்ஸலின் 256 நிலைகளைக் குறிக்கும் எண்ணின் கடைசி பிட்டை மாற்றி அதில் செய்தியை எழுதுவது. கண்ணுக்குத் தெரியாது, உண்மை. ஆனால் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், அது சுருக்கப்படும்போது செய்தி அழிந்துபோகும். ஒளித்த தடயத்தைப் புள்ளியியல் சோதனையால் கண்டுபிடிக்கலாம் என்று வெஸ்ட்ஃபெல்டும் ஃபிட்ஸ்மனும் 1999-இலேயே காட்டிவிட்டார்கள். இருந்தும் பல கட்டுரைகள் பி.எஸ்.என்.ஆர். என்ற எண்ணை நீட்டி வெற்றி என்று முடித்துக்கொள்கின்றன. பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் அந்த எண் சொல்லும். ரகசியம் பத்திரமா என்பதை அது சொல்லாது. மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டை முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஜன்னல் வித்தையின் மிக அழகான பயன் தேர்தலுக்காக யோசிக்கப்பட்டது. போட்ட ஓட்டை வாக்காளருக்குக் காட்டும் இன்றைய வி.வி.பேட் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுகிறது. அவற்றில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து இயந்திரங்களின் சீட்டுகளைத்தான் எண்ணிச் சரிபார்க்க வேண்டும்; திண்டிவனம் உள்ளிட்ட ஆறு சட்டமன்றத் தொகுதிகள் கொண்ட விழுப்புரம் மக்களவைத் தொகுதிக்கு அது 30. எல்லாவற்றையும் எண்ணக் கோரிய மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26-இல் தள்ளுபடி செய்தது. சீட்டை வாக்காளர் கையிலேயே கொடுத்துவிடலாமே என்றால் அதுவும் ஆபத்து. யாருக்குப் போட்டோம் என்று காட்டும் சீட்டு இருந்தால், பணம் கொடுத்தவர் அதை வாங்கிப் பார்ப்பார். பணப் பறிமுதலால் 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தானதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்க மறையாக்க அறிஞர் டேவிட் சாம் 2004-இல் வெளியிட்ட யோசனை இந்த முடிச்சை அவிழ்க்கிறது. சீட்டு இரண்டு அடுக்காக அச்சாகும். சேர்ந்திருக்கும்போது வாக்காளர் தன் ஓட்டைப் படிக்கலாம். பிரித்தால் இரண்டும் வெறும் புள்ளிக் குவியல். எந்த அடுக்கை எடுத்துப்போவது என்று வாக்காளரே முடிவு செய்வார். மற்றது வாக்குச்சாவடியிலேயே அழிக்கப்படும். வீட்டுக்கு வந்து இணையத்தில் தன் அடுக்கு அப்படியே பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கலாம். அதைப் பிறரிடம் காட்டினாலும் ஓட்டு யாருக்கு என்று தெரியாது. எந்த அடுக்கு எடுக்கப்படும் என்பது இயந்திரத்துக்கு முன்கூட்டியே தெரியாததால், திருட்டு ஓட்டு ஒவ்வொன்றுக்கும் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு சரிபாதி. பத்து பேர் சரிபார்த்தால், பத்து ஓட்டையும் மாற்றிவிட்டுத் தப்பிக்கும் வாய்ப்பு 1,024-இல் ஒன்று.

இரண்டடுக்குச் சீட்டுக்கென்று தனி அச்சு இயந்திரம் வேண்டும். சாமும் சக ஆய்வாளர்களும் பின்னர் இன்னும் எளிய வழிக்கு மாறினார்கள். அவர்களுடைய ஸ்கேன்டெக்ரிட்டி முறையில் வாக்காளர் ஒரு சிறப்புப் பேனாவால் வாக்குச்சீட்டில் குறியிட்டால், கண்ணுக்குத் தெரியாத மையால் அச்சிட்ட ரகசியக் குறியீடு தெரியவரும். அதைக் குறித்துக்கொண்டு போய் இணையத்தில் சரிபார்க்கலாம். 2009 நவம்பரில் மேரிலாண்ட் மாநிலத்தின் டகோமா பார்க் நகராட்சித் தேர்தலில் மக்கள் அந்தப் பேனாவால்தான் ஓட்டுப் போட்டார்கள்.