கடைவாயில் பழைய சில்வர் ஃபில்லிங்... எடுத்துவிட வேண்டுமா?

அம்மா கொட்டாவி விடும்போது கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஏதோ தெரிகிறது. "இருபது வருஷத்துக்கு முன்னாடி சொத்தையை அடைச்சதுடி" என்கிறார். "அதுல பாதி பாதரசமாம்மா... உடனே எடுத்துடணும்!" என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைக் காட்டுகிறாள் மகள். பல வீடுகளில் நடக்கும் பேச்சுதான் இது. உண்மையிலேயே பயப்பட வேண்டுமா?

உள்ளே என்ன இருக்கிறது?

சில்வர் ஃபில்லிங்கின் சரியான பெயர் அமால்கம். மகள் சொன்னது சரிதான், அதன் எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். மீதி, வெள்ளி, வெள்ளீயம், தாமிரம் கலந்த உலோகத்தூள். சிலவற்றில் கொஞ்சம் துத்தநாகமும் இருக்கும்.

திரவமான பாதரசம் இந்தத் தூளோடு சேர்ந்ததும் மாவு போலக் குழையும். அந்தப் பதத்தில் பல் குழிக்குள் வைத்து அழுத்தி, செதுக்கிவிடுவார்கள். சில நிமிடங்களில் இறுகத் தொடங்கும். முழு வலு வர ஒரு நாள் ஆகும். 'இன்னைக்கு அந்தப் பக்கம் மெல்லாதீங்க' என்று டாக்டர் சொல்வது இதனால்தான்.

பலமும் பலவீனமும்

மெல்லும்போது வரும் அழுத்தத்தை அமால்கம் நன்றாகத் தாங்கும். விலையும் குறைவு. வைக்கும்போது எச்சில் ஈரம் கொஞ்சம் பட்டாலும் சமாளித்துக்கொள்ளும். ஆனால், பல்லோடு தானாக ஒட்டாது. அதைப் பிடித்துவைக்க, வாய் குறுகி அடி அகன்ற பானை போலக் குழியைக் குடைய வேண்டும். இதில் கொஞ்சம் நல்ல பல்லும் போய்விடும். உலோகம் என்பதால் ஐஸ்க்ரீமின் குளிர்ச்சியையும் வேகமாகக் கடத்தும். புதிதாக அடைத்தபோது பல் கூசுவது அதனால்தான்.

பழைய வகைகளில் வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த பகுதி சீக்கிரம் அரித்தது. 1960-களில் தாமிரத்தின் அளவைக் கூட்டிய பிறகு இந்தக் குறை பெருமளவு நீங்கியது.

எப்போது எடுக்க வேண்டும்?

இறுகிய அமால்கத்திலிருந்தும் மிகச் சிறிய அளவில் பாதரச ஆவி வெளியேறும். ஆனால், அதிகமாக வெளியேறுவது அடைக்கும்போதும், குடைந்து எடுக்கும்போதும்தான். அதனால், நல்ல நிலையில் உள்ள அடைப்பைப் பயந்து எடுக்க வேண்டியதில்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2020-ல் அறிவுறுத்தியது. அதே நேரம், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், நரம்பு நோய் உள்ளவர்கள் ஆகியோருக்குப் புதிதாக அமால்கம் வைப்பதை முடிந்தவரை தவிர்க்கச் சொன்னது.

பாதரசம் மண்ணிலும் நீரிலும் கலப்பது இன்னொரு கவலை. அதைத் தடுக்க 2013-ல் உருவான மினமாட்டா ஒப்பந்தம், அமால்கத்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், தவிர்க்க முடியாத மருத்துவக் காரணங்கள் தவிர, இதை நிறுத்திவிட்டது. இப்போது பல் நிறத்திலான காம்போசிட் அந்த இடத்தைப் பிடித்துவருகிறது.

சரி, அம்மா என்ன செய்யலாம்? பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டலாம். அடைப்பு விரிந்திருந்தாலோ, ஓரம் உடைந்திருந்தாலோ, அடியில் மறுபடி சொத்தை வந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். அப்படி மாற்றும்போது தண்ணீர் பீய்ச்சி, உறிஞ்சு குழாய் வைத்து எடுப்பார்கள். மூன்றும் இல்லையென்றால், இருபது வருஷம் உழைத்த அடைப்பு இன்னும் கொஞ்ச காலம் உழைக்கட்டும்!