பெயரில் மறந்த பாதி

எங்கள் தெருவுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் வந்த நாளில் பட்டாசு வெடித்தோம். ஓராண்டு கழித்து, மழையே இல்லாத சித்திரையில் தெருவோரச் சாக்கடை பொங்கி எங்கள் வாசற்படியைத் தொட்டது. ஆரவாரமாய் வரவேற்ற அதே தண்ணீர்தான், வீடுகளுக்குள் புகுந்து வெளியே வந்து போக இடமின்றி நின்றது.

சென்னைப் பெருநகர் நீங்கலாகத் தமிழகத்தின் ஊர்களுக்கு நீர் வழங்கும் பொறுப்புடன் 1971ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். பெயரிலேயே இரண்டு கடமைகள் உள்ளன. முதற்கடமையை மட்டுமே நாம் கேட்டுப் பெறுகிறோம். காலிக் குடங்களுடன் நடக்கும் சாலை மறியல்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். வடிகால் கேட்டு நடந்த மறியலை நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வரும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்களின் கணக்கு. மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு, பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றும், அது இல்லாத ஊருக்கு 70 லிட்டர் என்றும் அளவு வகுத்தது. ஓரவஞ்சனை என்றே முதலில் நினைத்தேன். பிறகுதான் காரணம் புரிந்தது. பாதாளச் சாக்கடை நிலச்சரிவை நம்பி ஓடுவது. கழிவை அடித்துச் செல்லப் போதிய நீர் வராவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். வடிகாலே இல்லாத ஊரிலோ, கூடுதலாக வரும் ஒவ்வொரு லிட்டரும் தெருவில் தேங்கும். 135 லிட்டர் கணக்கின்படி ஐவர் வாழும் வீட்டிலிருந்து நாள்தோறும் 540 லிட்டர் கழிவுநீர் வெளியேறும். அதை எந்தத் திண்ணையோரப் பள்ளம் தாங்கும்?

பல ஊர்களுக்குப் பொதுவான கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை வாரியமே இயக்குகிறது. பாதாளச் சாக்கடை பெரும்பாலும் கட்டி முடிந்ததும் நகராட்சியின் கைக்குப் போகிறது. அதன்பின் வீட்டிலிருந்து தெருக்குழாய் வரை இணைக்கும் செலவும் வைப்புத்தொகையும் வீட்டுக்காரர் தலையில் விழுகின்றன. இந்தக் கடைசிச் சில அடிகளில்தான் கோடிகள் கொட்டிய திட்டங்களும் தடுமாறுகின்றன. இணைப்புப் பெறாத வீட்டின் கழிவுநீர்த் தொட்டியை லாரி உறிஞ்சிச் செல்கிறது. அந்த லாரி சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறதா என்று யாரும் பின்தொடர்ந்து பார்ப்பதில்லை.

பாதாளச் சாக்கடை கேட்டு எங்கள் தெருவில் மனு ஒன்று எழுதினோம். பாதி வீட்டார் கையெழுத்திட்டனர். மீதிப் பேர், வைப்புத்தொகை எவ்வளவு என்று தெரிந்தபின் சொல்வதாகக் கூறி அனுப்பிவிட்டார்கள்.