எட்டு வட்டங்களும் ஒரு நிறப் பெட்டியும்

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்தது. இன்று அதில் எட்டு வட்டங்கள் உள்ளன. அந்த வரைபடத்தை மாணவர்களே திரையில் வண்ணமிடும் வலைப்பக்கம் ஒன்றை எங்கள் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் உருவாக்கினோம். அடுத்தடுத்த வட்டங்களுக்கு ஒரே நிறம் வரக்கூடாது, குறைந்தது எத்தனை நிறங்கள் தேவை என்பதே கேள்வி. இத்தகைய எந்த வரைபடத்துக்கும் நான்கு நிறங்கள் போதும் என்பதை அப்பெல், ஹாக்கன் இருவரும் 1976இல் கணினியின் துணையோடு நிறுவினார்கள்.

பெயர் எழுதிய நான்கு பொத்தான்கள் போதாதா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். எங்கள் ஓசூர்ப் பக்கத்தில் போதாது. வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டு மொழி தெலுங்கு அல்லது கன்னடம். நம் மஞ்சள் தெலுங்கில் 'பசுபு', கன்னடத்தில் 'ஹளதி'. இலையின் நிறத்தைத் தெலுங்கில் 'ஆகுபச்ச' என்பார்கள். வெறும் 'பச்ச' என்றால் சில வீடுகளில் மஞ்சளையும் குறிக்கும். "பச்சையைத் தொடு" என்றதும் ஒரு மாணவி மஞ்சளைத் தொட்டால் அவளுக்கு நிறம் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட முடியுமா? நிறத்தைக் கண்ணால் பார்த்து எடுக்கும் பெட்டி அங்கேதான் உதவுகிறது.

அதைச் சேர்ப்பது எளிது. எச்.டி.எம்.எல்.இல் 'இன்புட்' குறியின் 'டைப்' பண்புக்குக் 'கலர்' என்று கொடுத்தால் போதும். உலாவியே நிறத்தட்டைத் திறந்து காட்டும். தொடக்க மதிப்பு தராவிட்டால் பெட்டி கருப்பாகவே நிற்கும். நிறத்தின் பெயரை எழுதினால் பல உலாவிகள் ஏற்பதில்லை. # குறியும் ஆறு இலக்கங்களும் தர வேண்டும்: சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. #008000 என்பதில் பச்சை மட்டும் உண்டு, அதுவும் பாதி அளவே. பதினாறடிமான 80 என்பது நம் 128. ஒவ்வொன்றுக்கும் 256 நிலைகள் இருப்பதால் மொத்தம் 1,67,77,216 நிறங்கள். கணக்கு ஆசிரியர்கள் இந்த இடத்தை விடமாட்டார்கள்!

அடுத்தது ஜாவாஸ்கிரிப்ட். நிறத்தட்டில் விரலை நகர்த்த நகர்த்த 'இன்புட்' நிகழ்வு எழும். தேர்வை முடிக்கும்போதுதான் 'சேஞ்ச்' எழும். நிறம் மாறுவதை உடனுக்குடன் காட்ட முதலாவதையும், முடிவான நிறத்தைச் சேமிக்க இரண்டாவதையும் பயன்படுத்துகிறோம். வரைபடம் எஸ்.வி.ஜி. வடிவில் இருப்பதால், தொட்ட வட்டத்தின் 'ஃபில்' பண்பில் பெட்டியின் மதிப்பை வைத்தால் வேலை முடிந்தது.

நிறத்தை மட்டும் நம்பியும் இருக்கக்கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் இருக்கலாம், பையன்களில் அதிகம். அவர்களில் பலர் அதை வெளியே சொல்வதில்லை. அதனால் வண்ணமிட்டதும் வட்டத்தின் மேல் 1, 2, 3, 4 என நிற எண்ணும் தோன்றும்படி செய்தோம்.

அடர்நிறத்தின் மேல் கருப்பு எழுத்து தெரியாது. அதற்கும் ஒரு கணக்கு உண்டு: சிவப்பு மதிப்பை 0.299, பச்சையை 0.587, நீலத்தை 0.114 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 128க்குக் குறைந்தால் எழுத்து வெள்ளை, இல்லாவிட்டால் கருப்பு. பச்சைக்கு ஏன் இவ்வளவு பங்கு என்று கேட்ட மாணவனை அறிவியல் ஆசிரியரிடம் அனுப்பினேன். கண்ணின் கூம்பு செல்கள் பற்றி ஒரு பாடவேளை நடந்தது.

பக்கம் முழுவதும் ஒரே கோப்புதான், இணையம் இல்லாமலும் திறக்கும். பதினோராம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் எச்.டி.எம்.எல்.லும் ஜாவாஸ்கிரிப்ட்டும் இருப்பதால், அந்த மாணவர்களையே எழுதச் சொல்லி ஆறாம் வகுப்புக்குக் கொடுக்கலாம்.