காந்தம் ஒட்டாத படகு

1955இல் நேட்டோவில் சேர்ந்த மேற்கு ஜெர்மனி நீர்மூழ்கி வைத்துக்கொள்ளத் தடையில்லை. ஒவ்வொன்றும் 350 டன்னுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. உலகப் போரில் தோற்று பத்தாண்டு ஆகியிருந்தது. கையில் ஒரு படகுகூட இல்லை. 1945இல் மூழ்கிய இரண்டு சின்னப் படகுகளை 1956இல் கடலடியிலிருந்து தூக்கிப் பழுதுபார்த்து, ‘ஹாய்’, ‘ஹெஹ்ட்’ என்று பெயரிட்டு, மறு ஆண்டே பயிற்சிக்கு விட்டார்கள். அவற்றில் ‘ஹாய்’ 1966 செப்டம்பரில் வட கடலில் மூழ்கியது. இருந்த 20 பேரில் பிழைத்தவர் ஒருவர்தான்.

புதிய படகை வடிவமைத்தது லூபெக் நகரில் உல்ரிஷ் காப்ளர் நடத்திய பொறியியல் நிறுவனம். போர்க்காலத்திலேயே நீர்மூழ்கியில் பழகியவர் அவர். படகு சிறிதாக இருந்தே ஆக வேண்டும் என்பது தண்டனை போலத் தெரியலாம். ஆனால் பால்டிக் கடலின் சராசரி ஆழம் சுமார் 55 மீட்டர்தான். அங்கே பெரிய படகுக்கு ஒளிய இடமேது? இடநெருக்கடிக்கு காப்ளர் கண்ட வழி சாமர்த்தியமானது. முகப்பில் எட்டு டார்பிடோக் குழாய்கள், அவற்றுக்குள் எட்டு டார்பிடோக்கள், அவ்வளவுதான். உள்ளே மாற்று டார்பிடோ வைக்க அறை கிடையாது. துறைமுகத்தில் படகின் பின்பக்கத்தை நீரில் தாழ்த்தி, முகப்பு மேலே வந்ததும், வெளியிலிருந்தே குழாய்க்குள் செலுத்திவிடுவார்கள்.

201ஆம் வகை எனப்பட்ட இந்தப் படகுகளில் முதலாவதான ‘யூ-1’ கீல் நகரில் கட்டப்பட்டு 1962 மார்ச்சில் கடற்படைக்கு வந்தது. எடை வரம்பும் அந்த ஆண்டே 450 டன்னாக உயர்ந்தது.

சறுக்கியது உடலில்தான். இரும்பு உடல் தன்னைச் சுற்றியுள்ள புவிக் காந்தப்புலத்தைக் குலைக்கும். ஆழமில்லாக் கடலில் அடியில் கிடக்கும் காந்தக் கண்ணிவெடி அதை உணர்ந்து வெடித்துவிடும். மேலே பறக்கும் விமானத்தின் கருவியும் படகைக் காட்டிக்கொடுக்கும். அதனால் காந்தம் ஒட்டாத சிறப்பு எஃகில் உடலைச் செய்தார்கள். யோசனையில் குறையில்லை. ஆனால் கடல்நீர் பட்டதும் அந்த எஃகு அரித்து, கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழுந்தன. ஆழத்தில் நீரழுத்தம் நெருக்கும்போது விரிசல் விட்ட உடலை நம்பி யார் இறங்குவார்? பாதி கட்டிய யூ-4 முதல் யூ-8 வரையிலான படகுகளுக்கு வெள்ளீயப் பூச்சு பூசி, கட்டுப்பாடுகளோடு ஓட்டினார்கள். ஒட்டுவேலைதான், வேறு வழியில்லை. யூ-9 முதலான படகுகளோ மேம்பட்ட எஃகு வரும்வரை காத்திருந்தன. அந்த எஃகின் பலன் 1970களில் வந்த 206ஆம் வகையின் 18 படகுகளுக்கும் கிடைத்தது.

யூ-1, யூ-2 இரண்டையும் சாதாரண எஃகில் மறுபடி கட்டினார்கள். அப்படிக் கட்டிய யூ-1இல்தான் 1988இல் ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலத்தைப் பொருத்திச் சோதித்தார்கள். மேலே வராமல் வாரக்கணக்கில் மூழ்கியிருக்கும் 212ஆம் வகைப் படகுகளுக்கு வழிவிட்டது அந்தச் சோதனை.