மாத்திரையின் விலையை எதிர்த்து மனுப் போடலாம்

சாதாரண மாத்திரைக்கு மசியாத காசநோய்க்கு முன்பெல்லாம் மாதக்கணக்கில் ஊசி போடுவார்கள். உயிர் பிழைத்தவர்களில் பலருக்குக் காது போய்விடும். மும்பையின் நந்திதா வெங்கடேசனுக்கும் தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேவுக்கும் அப்படித்தான் போனது.

ஊசிக்குப் பதிலாகப் பெடாகுயிலின் என்ற மாத்திரை வந்தது. ஆனால் அதன் இந்தியக் காப்புரிமை ஜான்சன் அண்டு ஜான்சன் கையில். 2023 ஜூலையில் அது முடியவிருந்த நிலையில், அதே மருந்தின் உப்பு வடிவத்துக்கு இன்னொரு காப்புரிமை கேட்டிருந்தார்கள். கிடைத்திருந்தால் 2027 வரை வேறு யாரும் தயாரித்திருக்க முடியாது. நந்திதாவும் புமேசாவும் 2019-ல் எதிர்ப்பு மனுப் போட்டார்கள். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

இருவரும் போட்டிக் கம்பெனிக்காரர்கள் அல்ல, நோயாளிகள். காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவு, உரிமை வழங்கப்படும் முன் 'எவரும்' எதிர்க்கலாம் என்கிறது. பழைய மருந்தை உருமாற்றிக் கேட்டால், குணமாக்கும் திறன் கூடியிருப்பதைக் காட்ட வேண்டும் என்கிறது 3(d) பிரிவு. ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்குச் சென்னை அலுவலகம் 2006-ல் காப்புரிமை மறுத்ததும், 2013-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ததும் இதை வைத்துத்தான்.

காப்புரிமை கொடுத்த பிறகும் வழி உண்டு. மூன்று ஆண்டுகள் கழிந்தும் மருந்து மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்காவிட்டால், வேறொருவர் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமைக்காரரின் சம்மதமின்றியே தயாரிக்கும் அனுமதி, கேட்கலாம். 2012-ல் நெக்சாவர் என்ற புற்றுநோய் மருந்துக்கு அப்படிக் கொடுத்தார்கள். மாதம் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்த செலவு 8,880 ரூபாய்க்கு இறங்கியது. இந்த வழியை அதன்பிறகு அரசு கிட்டத்தட்டத் தூங்க வைத்துவிட்டது என்பது என் வருத்தம்.

முதல் வழியும் குறுகுகிறது. முன்பு எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணமே கிடையாது. 2024 மார்ச்சில் திருத்திய விதிகள் கட்டணம் வைத்தன. மனு ஏற்கத்தக்கதா என்று அதிகாரி முதலில் பார்த்துத் தீர்மானிப்பார் என்றும் சேர்த்தன. நோயாளியிடம் பணம் கேட்டு வாசலிலேயே நிறுத்துவது அநியாயம்.

இருந்தாலும் உரிமை இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது. விண்ணப்பங்கள் வழக்கமாக 18 மாதத்தில், வெள்ளிதோறும் இணையத்தில் வரும் காப்புரிமை இதழில் வெளியாகின்றன. பார்க்கக் காசு வேண்டாம். எதிர்ப்புக்குரிய படிவம் 7A. தென் மாநில விண்ணப்பங்களுக்கு அலுவலகம் சென்னை கிண்டியில். நேரில் விசாரிக்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். இதழில் வெளியான நாளிலிருந்து 6 மாதம் முடியும்வரை காப்புரிமை வழங்க முடியாது. அதன்பிறகும் காப்புரிமை வழங்கப்படும்வரை மனுப் போடலாம், ஆனால் அந்த 6 மாதத்துக்குள் போட்டுவிடுவதே பாதுகாப்பு.