சங்க வண்டியில் எண்ணெய்க் கசிவு

விளைபொருள்களைச் சந்தைக்கு அனுப்பப் பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கும் சங்கங்கள், வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்த் துளிகள் காணப்பட்டால் அதை அற்பமென்று விட்டுவிடலாகாது. தினம் 50 மில்லிலிட்டர் வீதம் ஒழுகினாலும் 20 நாளில் 1 லிட்டர் குறைந்துவிடும். எண்ணெய் மிகவும் குறைந்தால் இஞ்சினின் பேரிங்குகள் தேய்ந்து கெட்டுப்போம். சில்லறைச் செலவில் தீரவேண்டிய காரியம் அங்கத்தினர்களின் பங்குப் பணத்திற்கே நஷ்டமாய் முடியும்.

இஞ்சினின் அடியில் ஆயில் சேம்பர் என்னும் தகட்டுத் தொட்டி பல சிறு போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே வைக்கப்படும் பட்டையே பாக்கிங். பழைய இஞ்சின்களில் இது பெரும்பாலும் தக்கையினாலானது. உஷ்ணத்தால் தக்கை நாளடைவில் இறுகிச் சுருங்க, எண்ணெய் கசிகிறது. அப்போது போல்ட்டுகளை மேன்மேலும் முடுக்குவது பலருடைய வழக்கம். அதனால் துவாரங்களைச் சுற்றித் தகடு வளைந்து, கசிவு அதிகரிக்குமேயன்றிக் குறையாது.

முதலில் கசியும் இடத்தை அறியவேண்டும். இஞ்சினை நன்றாகத் துடைத்து, வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்க. மேல்மூடியிலிருந்து வழியும் எண்ணெயும் சேம்பரிலேயே வந்து சொட்டும். இஞ்சினும் கியர்ப் பெட்டியும் சேருமிடத்தில் சொட்டினால் பின்புறத்து சீல் கெட்டிருக்கலாம். அவ்வாறாயின் புதிய சேம்பர் பாக்கிங் வீண் செலவே.

பாக்கிங்கே காரணமெனில், வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லலாகாது. உறுதியான தாங்கிகள் அவசியம். எண்ணெயை வடித்துச் சேம்பரைக் கழற்றி, ஒட்டியிருக்கும் பழைய பாக்கிங்கைச் சுரண்டி எடுத்து, இருபுறமும் பிசுக்கில்லாமல் துடைக்க. வளைந்த விளிம்பைச் சமமான கட்டையின்மேல் வைத்து, சுத்தியால் மெல்லத் தட்டி நேராக்க. புதிய பாக்கிங்கை வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து இருபக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்கி, தக்கை சற்றே அமுங்கியதும் நிறுத்துக. பின்பு புது எண்ணெய் ஊற்றி, இஞ்சினை ஓட்டிக் கசிவில்லையென்று உறுதிசெய்க.

சில வண்டிகளில் இஞ்சினைச் சற்றுத் தூக்கினாலன்றிச் சேம்பர் வெளிவராது. அவ்வேலையை மோட்டார் ஒர்க்ஷாப்பில் ஒப்புவிப்பதே நலம். ஆயினும், விளிம்பு நேராக்கப்பட்டதா, போல்ட்டுகள் சமமாக முடுக்கப்பட்டனவா என்று சங்கத்தார் கேட்டறிதல் வேண்டும்.

வடித்த எண்ணெயைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது. டிரைவர் தினந்தோறும் எண்ணெயின் அளவைப் பார்த்துக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வரவும், நிர்வாக சபையார் மாதந்தோறும் அதைப் பார்வையிடவும் ஏற்பாடு செய்துகொண்டால், அடுத்த கசிவு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.