ஜூமா... பிரைமா? எந்த லென்ஸ் வாங்கலாம் என்று தூத்துக்குடி கடற்கரை சொல்லும் பதில்!

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா முடிந்த மறுநாள் சமூக வலைதளங்களைத் திறந்தால், காளி வேடப் படங்கள் வரிசைகட்டி நிற்கும். எல்லாம் ஒரே இரவில், ஒரே கடற்கரையில், ஒரே விளக்கு வெளிச்சத்தில் எடுத்தவைதான். ஆனால், ஒரு படத்தில் காளியின் கண் பளிச்சென்று தெரியும். இன்னொன்றில் ஆடும் உருவம் கலங்கிய நிழலாக நிற்கும். விலை உயர்ந்த கேமராதான் காரணம் என்று பலர் நினைப்பார்கள். பெரும்பாலும் காரணம் கேமரா அல்ல, அதன் முன்னால் மாட்டியிருக்கும் லென்ஸ்.

முதல் கேமராவோடு வரும் லென்ஸுக்கு அடுத்து எதை வாங்குவது என்ற கேள்வி, பொழுதுபோக்குக்குப் படமெடுப்பவர்களுக்கு ஆசை சம்பந்தப்பட்டது. விசேஷ வீடுகளுக்குப் படமெடுத்துத் தொழிலில் காலூன்ற நினைக்கும் இளைஞருக்கோ, அது பல மாதச் சேமிப்பு. தவறாக வாங்கிய லென்ஸ் அலமாரியில் தூங்கும். வாங்கிய கடன் தூங்காது. 'ஜூம் நல்லதா, பிரைம் நல்லதா?' என்று கேட்டால் பதில் கிடைக்காது. 'எங்கே நின்று, எந்த வெளிச்சத்தில், எதை எடுக்கப் போகிறேன்?' என்று கேட்டால் பதில் தானாக வரும். கொளுத்தும் உப்பளம், தொட முடியாத தீவு, நெருக்கியடிக்கும் திருவிழா இரவு என எல்லாச் சூழலும் ஒரே மாவட்டத்தில் இருக்கும் தூத்துக்குடியை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

உங்கள் போனில் இருப்பது எது?

லென்ஸ் எவ்வளவு அகலமான காட்சியைப் பிடிக்கும் என்பதைச் சொல்வது ஃபோகல் லென்த். எண் சிறியதாக இருந்தால் காட்சி அகலம். பெரியதாக இருந்தால் தூரத்துப் பொருள் அருகில் வரும். 18 எம்.எம். முதல் 55 எம்.எம். வரை என்று வளையத்தைத் திருப்பி மாற்ற முடிந்தால் அது ஜூம். 50 எம்.எம். என்றால் 50 மட்டும்தான், மாற்ற முடியாது என்றால் அது பிரைம்.

கையில் இருக்கும் செல்போனைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் இருக்கும் இரண்டு, மூன்று கண்களில் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட எல்லா மாடல்களிலும் ஒரு பிரைம்தான். 2022-ல் வந்த சோனி எக்ஸ்பீரியா 1 IV போல 85 முதல் 125 எம்.எம். வரை உண்மையாகவே நகரும் ஜூம் கொண்ட போன்கள் மிக அரிது. மற்ற போன்களில் இரண்டு விரலால் விரித்து 'ஜூம்' செய்யும்போது, போன் பெரும்பாலும் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கித்தான் காட்டுகிறது.

வெட்டினால் என்ன நஷ்டம்? ஒரு கணக்கு. 50 எம்.எம். லென்ஸில் எடுத்த 24 மெகா பிக்சல் படத்தை, 200 எம்.எம். லென்ஸில் எடுத்ததுபோல வெட்டினால் மிஞ்சுவது 16-ல் ஒரு பங்கு. அதாவது 1.5 மெகா பிக்சல். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போதும். கல்யாண ஆல்பத்தில் இரண்டு பக்கத்துக்கு விரித்து அச்சிட்டால் பல்லிளிக்கும்.

ஜூம் இல்லாத காலத்து முத்துக்குளிப்பு

ஸ்டில் கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸை ஜெர்மனியின் வாய்க்ட்லேண்டர் நிறுவனம் 1959-ல் கொண்டுவந்தது. 'ஜூமார்' என்று பெயர். 36 முதல் 82 எம்.எம். வரை நகரும். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்தால் ஒன்று புரியும். முத்துச்சிப்பி வாரிய படகுகளையும், கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்கிய மனிதர்களையும் காட்டும் பழைய படங்கள் ஏறக்குறைய எல்லாமே நிலையான ஃபோகல் லென்த் கொண்ட லென்ஸில் எடுத்தவை. படமெடுத்தவர் படகேறி, அருகில் போய் நின்றுதான் எடுத்திருக்க வேண்டும். பிரைம் லென்ஸின் ஜூம் வளையம் நம் கால்கள்தான்.

அதனால்தான் முதல் கேள்வி இப்படி இருக்க வேண்டும்: நீங்கள் எடுக்க விரும்பும் பொருளை நோக்கி உங்களால் நடக்க முடியுமா?

நடக்க முடியாத இடத்தில் ஜூம்

மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே பரவிக் கிடக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அவற்றில் கால் வைக்கக் கூடாது. உப்பளங்களை ஒட்டிய நீர்ப்பரப்புகளில் இரை தேடும் பூநாரைகளை நோக்கி நாம் நடந்தால், அவை இரையை விட்டுவிட்டுப் பறந்துவிடும். தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலிடம் எந்தக் காலும் போக முடியாது. இங்கெல்லாம் 70-300 எம்.எம். போன்ற டெலிஜூம்தான் கைகொடுக்கும். கப்பல் நகரும், பறவை எழும்பும், தூரம் நொடிக்கு நொடி மாறும். வளையத்தைத் திருப்பினால் போதும்.

கையோடு ஓர் எச்சரிக்கை. வ.உ.சி. துறைமுகப் பகுதி மத்தியப் பாதுகாப்பில் இருப்பது. அனுமதியில்லாமல் உள்ளே படமெடுப்பதோ, டிரோன் விடுவதோ வம்பை விலைக்கு வாங்குவது. எவ்வளவு நீளமான ஜூம் வைத்திருந்தாலும் பொதுக் கடற்கரையில் நின்று எடுப்பதே நல்லது.

படகில் ஏறிவிட்டாலும் ஜூம்தான் வசதி. ஆடும் படகில் ஓரடி முன்னே, பின்னே நகர இடம் இருக்காது. ஆனால் 300 எம்.எம். நீளத்தில் சின்ன ஆட்டமும் பெரிதாகத் தெரியும் என்பதால், ஷட்டர் ஸ்பீடு 1/500 நொடிக்குக் குறையாமல் இருப்பது பாதுகாப்பு.

நடக்க முடிகிற இடத்தில் பிரைம்

திரேஸ்புரத்தில் காலையில் நாட்டுப்படகுகள் கரை சேரும் நேரம் வேறு கதை. வலையிலிருந்து மீனைப் பிரிக்கும் கைகள், ஏலத்துக்குக் காத்திருக்கும் கூடைகள், டீக்கடை பெஞ்ச் என எல்லாம் நாலடி தூரத்தில். இங்கே 35 அல்லது 50 எம்.எம். பிரைம் போதும்.

இதில் தொழில்நுட்பத்தைத் தாண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது. நீண்ட ஜூமை வைத்துத் தூரத்தில் நின்று ஒருவரை எடுத்தால், எடுத்தது அவருக்குத் தெரியாமலே போகலாம். பிரைம் என்றால் அருகில் போக வேண்டும்; போனால் பேச வேண்டும். 'அண்ணாச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டா?' என்று கேட்டுவிட்டு எடுத்த படத்தில் இருக்கும் முகம் வேறு மாதிரி இருக்கும். வெயிலில் பாத்தியில் நின்று உப்பு வாரும் பெண், தன் படம் ஊரெல்லாம் சுற்றுவதை விரும்பாமல் இருக்கலாம். வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பை அவருக்குத் தருவது மரியாதை.

50-ஆ, 35-ஆ? பெரும்பாலான ஆரம்பநிலை கேமராக்களின் சென்சார் சிறியது. அதில் 50 எம்.எம். லென்ஸை மாட்டினால் கேனானில் 80 எம்.எம்., நிக்கான், சோனியில் 75 எம்.எம். லென்ஸ் போல நெருக்கமான காட்சிதான் கிடைக்கும். ஒருவர் முகத்தை எடுக்க அருமை. ஆனால் சின்ன வீட்டுக் கூடத்தில் குடும்பத்தையே எடுக்க வேண்டுமென்றால் முதுகு சுவரில் முட்டும். வீட்டுக்குள் எடுப்பவர்கள் 35 அல்லது அதைவிடக் குறைந்த எண்ணைப் பார்க்கலாம்.

குலசை இரவுக்கு ஒரு கணக்கு

இரண்டாவது கேள்வி வெளிச்சம். லென்ஸ் மேல் எஃப்/1.8, எஃப்/5.6 என்று எழுதியிருக்கும். எண் சிறியதாக இருந்தால் லென்ஸின் வாய் பெரிதாகத் திறக்கும், வெளிச்சம் அதிகம் நுழையும். கேமராவோடு வரும் 18-55 ஜூமை 55-க்குத் திருப்பினால் பெரும்பாலும் எஃப்/5.6 வரைதான் திறக்கும். விலை குறைந்த 50 எம்.எம். பிரைமே எஃப்/1.8 வரை திறக்கும். இரண்டுக்கும் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட 10 மடங்கு வித்தியாசம்!

தசராவின் பத்தாம் நாள் இரவு, சூரசம்ஹாரம் நடக்கும் குலசை கடற்கரையில் இதைப் பொருத்திப் பாருங்கள். ஜூமில் 1/20 நொடி தேவைப்படும் இடத்தில், பிரைமில் 1/200 நொடி போதும். 1/20-ல் ஆடும் கை கலங்கும். 1/200-ல் பெரும்பாலும் உறைந்து நிற்கும். 'என் ஜூமில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே' என்று கேட்கலாம். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். காளி ஆடுவதை அது நிறுத்தாது.

குறைந்த வெளிச்சத்தில் பிரைம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம்: நிலவைப் படமெடுக்க நாசாவுக்காக ஜெய்ஸ் நிறுவனம் செய்த 50 எம்.எம். எஃப்/0.7 லென்ஸை, இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் 1975-ல் வெளியான 'பேரி லிண்டன்' படத்தில் மெழுகுவத்தி வெளிச்சக் காட்சிகளுக்குப் பயன்படுத்தினார்.

பிரைமுக்கும் ஒரு விலை உண்டு. 50 எம்.எம். லென்ஸை எஃப்/1.8-ல் திறந்து 2 மீட்டர் தூரத்தில் ஒருவரை எடுத்தால், சிறிய சென்சார் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 11 சென்டிமீட்டர், அரைச் சாண். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் பின்னால் நிற்கும் மேளக்காரர் கலங்கிவிடுவார். குழுப் படம் எடுக்க எஃப்/5.6-க்குக் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

உப்பளத்தில் எல்லாம் தலைகீழ்

இதே கணக்கை நண்பகல் உப்பளத்துக்குக் கொண்டுபோனால் கதை மாறுகிறது. நல்ல வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100-ல், எஃப்/1.8 திறந்துவைத்தால் ஏறக்குறைய 1/8000 நொடி ஷட்டர் தேவை. ஆரம்பநிலை கேமராக்கள் பலவற்றின் எல்லையே 1/4000. வெள்ளை உப்புக் குவியல் வெளிச்சத்தை இன்னும் திருப்பியடிக்கும்; படம் வெளுத்துப்போகும். எஃப்/8-க்குக் குறைத்து எடுக்கும்போது சாதாரண ஜூமே நல்ல தெளிவு தரும். பகலில் மட்டும் படமெடுப்பவர், பெரிய வாய் கொண்ட பிரைமுக்குப் பணம் கொட்ட வேண்டிய அவசியமில்லை.

உப்புக்காற்று கேட்கும் வாடகை

கடற்கரைவாசிகளுக்கு மட்டும் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: லென்ஸை எத்தனை முறை கழற்றி மாட்டப் போகிறீர்கள்? பிரைம் வைத்திருப்பவர் அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்றும் ஒவ்வொரு முறையும் மணலும் உப்புத்துளியும் சென்சாருக்குப் போக வழி கிடைக்கிறது. ஜூமுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் திருப்பும்போது குழல் நீளும் ஜூம்கள் காற்றோடு தூசியையும் உள்ளே இழுக்கலாம்; வளையத்தில் மணல் சிக்கினால் கரகரவென்று சத்தம் போடும்.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கேமராவை அணைத்து, காற்றுக்கு முதுகு காட்டி, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள். படகில் மாற்றவே வேண்டாம். வீடு திரும்பியதும் லேசாக ஈரமான துணியால் வெளிப்பகுதியைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது.

தாலி கட்டும் நேரம் இரண்டாவது முறை வராது

விசேஷங்களை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு ஒரு லென்ஸ் போதாது. கெட்டிமேளம் ஒலித்ததும் சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். சுற்றிலும் சொந்தபந்தம் சூழ்ந்து நிற்க, நடக்க வழியிருக்காது. அங்கே ஜூம்தான். அலங்கார விளக்கு மட்டும் எரியும் வரவேற்பிலோ, தேவாலயத்தின் மங்கிய வெளிச்சத்திலோ பிரைம் காப்பாற்றும். அனுபவசாலிகள் பலர் இரண்டு கேமராக்களைத் தோளில் மாட்டுகிறார்கள். ஒன்றில் ஜூம், ஒன்றில் பிரைம். 24-70 எஃப்/2.8 போன்ற ஜூம் இரண்டு வேலையையும் ஓரளவு செய்யும். ஆனால் கேமரா நிறுவனங்களின் புதிய லென்ஸ் என்றால் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். அந்தப் பணத்தில் பழைய கேமரா ஒன்றும் பிரைம் ஒன்றும் வாங்க முடியுமா என்று முதலில் பார்ப்பது புத்திசாலித்தனம்.

வாங்கும் முன் செலவில்லாத மூன்று சோதனைகள்

* நீங்கள் கடைசியாக எடுத்த 200 படங்களின் விவரப் பகுதியைத் திறந்து, எந்த ஃபோகல் லென்த்தில் அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் 55-லேயே முட்டி நின்றால் உங்களுக்குத் தேவை டெலிஜூம். 35 பக்கமே சுற்றினால் 35 பிரைம்.

* இருக்கும் ஜூமை 35-ல் வைத்து, வளையத்தின் மேல் டேப் ஒட்டி ஒரு வாரம் படமெடுங்கள். கால்கள் பழகிவிட்டால் பிரைம் உங்களுக்கு ஒத்துவரும். எரிச்சலே மிஞ்சினால் காசு மிச்சம்.

* அதே படங்களில் எத்தனை, ஆள் அசைந்ததால் கலங்கின, எத்தனை, பொருள் தூரத்தில் இருந்ததால் வீணாயின என்று எண்ணுங்கள். முதல் எண் பெரிதென்றால் பிரைம். இரண்டாவது பெரிதென்றால் ஜூம்.

கேமராவோடு வந்த ஜூமை விற்காதீர்கள். பகல் வேலைக்கு அது போதும். அதனுடன் எஃப்/1.8 பிரைம் ஒன்று சேர்ந்தால், திரேஸ்புரத்து விடியலிலிருந்து குலசையின் நள்ளிரவு வரை பெரும்பாலானதை எடுத்துவிடலாம். பூநாரைக்கான நீண்ட ஜூமை, இந்த இரண்டிலும் சம்பாதித்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். பூநாரை அடுத்த பருவத்திலும் வரும்.